அலமாரியிலிருந்து இடுப்புக்கு

1876 செப்டம்பர் 7. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊர். பிற்பகலில் எட்டுப் பேர் குதிரைகளில் வந்து ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியைச் சூழ்ந்தார்கள். ஜெஸ்ஸி ஜேம்ஸும் யங்கர் சகோதரர்களும் சேர்ந்த கும்பல் அது. உள்நாட்டுப் போரில் கெரில்லாக்களாகத் திரிந்து பழகிய கைகள். ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரிவால்வர்.

தெருவில் நின்ற ஊர்க்காரர்களோ பெரும்பாலும் வெறுங்கையர்கள். வங்கியில் கொள்ளை என்று கூச்சல் கிளம்பியதும் அவர்கள் ஓடியது இரும்புச் சாமான் கடைக்கு. கலப்பைக்கொழுவும் ஆணியும் விற்கிற கடையில்தான் துப்பாக்கியும் விற்பனைக்கு இருந்தது. கடைக்காரர் ஏ.ஈ. மேனிங் ஒரு ரைஃபிளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவர் ஹென்றி வீலர், எதிர்ச்சாரி ஹோட்டலில் கிடந்த பழைய ராணுவத் துப்பாக்கியோடு மாடி ஜன்னலில் உட்கார்ந்தார். துப்பாக்கி கிடைக்காதவர்கள் கல்லை எடுத்து எறிந்தார்கள். எல்லாம் சுமார் ஏழு நிமிடம். கொள்ளையரில் இருவர் தெருவிலேயே விழுந்தார்கள். பெட்டகத்தைத் திறக்க மறுத்த வங்கி ஊழியர் ஹேவுட்டும், சுவீடனிலிருந்து குடியேறியிருந்த ஓர் அப்பாவியும் உயிரிழந்தார்கள். தான் சுட்ட ஆளின் உடலை வீலர் தன் மருத்துவக் கல்லூரிக்கே பாடத்துக்கு எடுத்துப் போனார் என்பது தனிக் கதை.

1892இல் கான்சாஸின் காஃபிவில்லில் டால்டன் கும்பல் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளில் கைவைத்தபோதும் இதே காட்சிதான். மறுபடியும் இரும்புக்கடை, அலமாரியிலிருந்து இறங்கிய ரைஃபிள்கள். கொள்ளையரில் நால்வரும், மார்ஷல் உட்பட ஊர்க்காரர் நால்வரும் செத்தார்கள்.

குடிமக்களே துப்பாக்கி ஏந்திக் குற்றவாளிகளை விரட்டுவது என்ற அமெரிக்கப் பெருமிதத்துக்கு இந்த இரண்டு ஊர்களும் தலப்புராணம். ஆனால் அன்று துப்பாக்கி இருந்த இடம் இடுப்பு அல்ல, கடை அலமாரி. ஆபத்து வந்தபோது ஊர் அதை எடுத்தது.

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கும், கர்ணன் இயக்கிய ஜெய்சங்கர் படங்களில் குதிரைக் குளம்பொலிக்குக் கைதட்டியவர்களுக்கும் இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆளாளுக்கு இடுப்பில் இரண்டு தொங்க, நடுத்தெருவில் நின்று யார் முதலில் உருவுகிறார் என்று பார்ப்பதுதானே அமெரிக்க மேற்கு? நிஜ மேற்கின் பல ஊர்களில், எல்லைக்கு வந்த மாட்டு மேய்ப்பர் லாயத்திலோ மதுக்கடையிலோ ஷெரிஃபிடமோ துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் ஊரில் தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்களே, அதுபோன்ற ஏற்பாடு. ஆனால் வருடம் முழுவதும். டாட்ஜ் சிட்டியின் தெருவில் துப்பாக்கி சுமக்கத் தடை என்று பலகையே நட்டிருந்தார்கள். அதன் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகராட்சி 1881 ஏப்ரலில் 9ஆம் எண் ஆணையைப் போட்டது. ஊருக்குள் ஆயுதம் சுமப்பது குற்றம். அந்த அக்டோபர் 26ஆம் தேதி மார்ஷல் வெர்ஜில் ஏர்ப், தம்பிகள் வையட், மார்கன், கூட டாக் ஹாலிடே என்று நால்வர் நடந்து போனது இந்த ஆணையை மீறியவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கத்தான். அரை நிமிடத்தில் மூன்று பிணம். ஹாலிவுட் சளைக்காமல் எடுத்துத் தள்ளிய ஓ.கே. கொரால் சண்டையின் கரு ஒரு நகராட்சி விதிமீறல் என்பதை எந்தப் படமும் சுவரொட்டியில் போடவில்லை.

டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வன்முறையைக் கண்டு அலுத்து, 1871இல் மாநிலம் முழுவதும் கைத்துப்பாக்கியோடு நடமாடுவதையே தடை செய்தது. சொந்த வீடு, பயணம், உடனடி ஆபத்து என்று சில விலக்குகள் உண்டு. அந்தத் தடை 124 வருடம் நின்றது.

இந்தப் பழைய ஏற்பாட்டை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. அதில் ஒரு பெரிய அழுக்கு இருந்தது. ஊர் என்றால் யாருடைய ஊர்? அடிமைமுறை ஒழிந்த கையோடு 1865இல் மிசிசிப்பி போட்ட சட்டம், அனுமதி இல்லாமல் கறுப்பினத்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. முகமூடி போட்டு வீடு எரிக்க வருகிறவர்களில் ஷெரிஃபின் ஆட்களே இருந்தால் ஒரு கறுப்பினக் குடும்பம் எந்த இரும்புக்கடைக்கு ஓடும்? 1956இல் அலபாமாவின் மான்ட்கமரியில் வீட்டின் மேல் குண்டு வீசப்பட்ட பிறகு, இளம் பாதிரியார் ஒருவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அதிகாரிகள் மறுத்தார்கள். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். காந்தி வழியில் அவர் முழுமையாக நிலைகொண்டது அதன் பிறகு. 1967இல் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பினர் கலிபோர்னியாவில் துப்பாக்கியோடு போலீஸ் ரோந்தைப் பின்தொடர ஆரம்பித்ததும், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொது இடத்தில் சுமக்கத் தடை வந்தது. கையெழுத்திட்ட கவர்னர் ரொனால்டு ரீகன். விருப்பம் இருந்தால் தருவோம் என்று அதிகாரி கையில் விடப்பட்ட லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும் என்பது விண்ணப்பதாரரின் முகத்தைப் பொறுத்திருந்தது.

திருப்பம் 1970, 80களில் வந்தது. வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்களும் நிறைந்திருந்த தேசிய ரைஃபிள் சங்கத்தை, 1977இல் சின்சினாட்டி மாநாட்டில் தற்காப்பு உரிமைக்காரர்கள் ஒரே இரவில் கைப்பற்றினார்கள். நகரங்களில் வழிப்பறியும் கொலையும் ஏறிக்கொண்டிருந்த காலம். 1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் ஐந்து டாலர் கேட்டு நெருங்கிய நான்கு கறுப்பின இளைஞர்களைப் பெர்ன்ஹார்டு கெட்ஸ் சுட்டார். முன்பு ஒருமுறை அடித்துப் பறிக்கப்பட்டவர். லைசென்ஸ் கேட்டு மறுக்கப்பட்டவர். நகரத்தில் பலர் அவரை வீரர் என்றார்கள். கொலை முயற்சியிலிருந்து விடுவித்த ஜூரி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்காக மட்டும் அவரைக் குற்றவாளி என்றது. சுடப்பட்டவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமல் போனார். 1996இல் சிவில் நீதிமன்ற ஜூரி, கெட்ஸ் அவருக்கு 4.3 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. இரண்டு ஜூரிகளும் பார்த்தது ஒரே ரயில் பெட்டியைத்தான்.

1987இல் ஃபுளோரிடா வழி திறந்தது: தகுதி இருந்தால் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும், அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லை. டெக்சாஸில் கதவைத் திறந்தது ஒரு சாவு வீடு. 1991 அக்டோபர் 16, கிலீன் நகர லூபிஸ் உணவகத்தில் ஒருவன் புகுந்து 23 பேரைக் கொன்றான். பெற்றோரோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் ரிவால்வரைக் காரிலேயே விட்டிருந்தார். அவனை நோக்கிப் பாய்ந்த தந்தையும், அவரை விட்டு வர மறுத்த தாயும் இறந்தார்கள். ஹப் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். பிறகு சட்டமன்றத்துக்கே தேர்வானார். அவர் துக்கத்தோடு வாதாட யாருக்கும் வாய் வராது. 1993இல் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ், துப்பாக்கி சுமக்க வழிவிடும் மசோதாவை நிராகரித்தார். 1995இல் அவரைத் தோற்கடித்து வந்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். 2021 செப்டம்பரிலிருந்து, தடை ஏதும் இல்லாத 21 வயதுக்காரர் டெக்சாஸில் கைத்துப்பாக்கி சுமக்க லைசென்ஸே வேண்டாம். டூம்ஸ்டோன் இருக்கும் அரிசோனா 2010லேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 1980களில் வெர்மான்ட் மட்டுமே இப்படி இருந்தது. 2024இல் கணக்கு 29 மாநிலம். நியூயார்க் 1911இலிருந்து பிடித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில், வரலாற்று மரபில் அப்படி இல்லை என்று சொல்லி உடைத்தது. டாட்ஜ் சிட்டிப் பலகை அந்த மரபில் எங்கே போயிற்றோ.

இந்த வளர்ச்சியில் என்னை உறுத்துவது வேறொன்று. 1991இல் உச்சத்தைத் தொட்ட வன்குற்ற விகிதம் அடுத்த முப்பது வருடத்துக்குள் ஏறத்தாழ பாதியானது. 1990இல் 2,200க்கு மேல் கொலை கண்ட நியூயார்க்கில் 2019இல் 320க்குள். ஆனால் எதற்குத் துப்பாக்கி என்று அதை வைத்திருப்பவர்களிடம் 1999இல் ஒரு கருத்துக்கணிப்பு கேட்டபோது, வேட்டைக்கு என்றவர்கள் 49 சதவீதம், பாதுகாப்புக்கு என்றவர்கள் 26. 2023இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது பாதுகாப்பு முக்கியக் காரணம் என்றவர்கள் 72. திருடன் குறையக் குறையப் பயம் கூடியிருக்கிறது. துப்பாக்கி விற்பவர்களின் விளம்பரத்துக்கு இதில் பங்கு உண்டு. அதைவிடப் பெரிது, ஊர் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை போனது என்று நினைக்கிறேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2022இல் டெக்சாஸின் யுவால்டி பள்ளிக்கு 376 காவலர்கள் வந்தார்கள். 77 நிமிடம் கழித்துத்தான் கொலைகாரன் வீழ்த்தப்பட்டான். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். போலீஸ் எதற்கு என்று கேட்கும் பெற்றோரை வெறியர் என்று சொல்ல முடியாது.

தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்படாது என்பதும் பொய். 2022 ஜூலையில் இந்தியானா மாநில அங்காடி ஒன்றில் மூவரைக் கொன்றவனை, 22 வயது இளைஞர் சுமார் 40 கஜ தூரத்திலிருந்து கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். லைசென்ஸ் வேண்டாம் என்ற சட்டம் அங்கே அமலாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அந்த அங்காடியோ உள்ளே துப்பாக்கி கூடாது என்று விதி வைத்திருந்தது. ஆனால் இப்படிப்பட்டவை எத்தனை? 2000 முதல் 2013 வரை நடந்த 160 பொதுஇடத் துப்பாக்கிச் சூடுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. காவல்துறை சாராத, ஆயுதமேந்தியவர்கள் பதிலுக்குச் சுட்டு முடிவுக்கு வந்தவை 5. வெறுங்கையோடு பாய்ந்து மடக்கியவை 21. கல்லெறிந்த நார்த்ஃபீல்டு முழுக்கச் செத்துவிடவில்லை போலும். வருடத்துக்கு 25 லட்சம் முறை துப்பாக்கி மக்களைக் காப்பாற்றுகிறது என்பது 1990களில் கேரி கிளெக் செய்த தொலைபேசி ஆய்வு. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு சொல்வது ஒரு லட்சத்துக்கும் கீழே. இவ்வளவு இடைவெளியில் யாரும் தனக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை. திருடனுக்கென்று வாங்கி வைத்தது வீட்டிலேயேதான் இருக்கிறது.

அலமாரியில் இருந்தபோது யார் கையில் துப்பாக்கி என்பது ஊருக்கே தெரியும். இரும்புக்கடைக்காரரை யாரும் கொள்ளையன் என்று நினைக்கப் போவதில்லை. இடுப்புக்கு வந்த பிறகு யார் யார் என்று பிரிக்கச் சில விநாடிதான். 2016இல் மினசோட்டாவில் காரை நிறுத்திய காவலரிடம், லைசென்ஸ் உள்ள கறுப்பின ஓட்டுநர் ஒருவர் தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானே முன்வந்து சொன்னார். அடுத்த நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். ஜூரி அந்தக் காவலரை விடுவித்தது.

2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் ஆர்வாடாவில் ஒருவன் காவலர் ஒருவரைக் கொன்றுவிட்டு, ரைஃபிளோடு கடைத்தெருவில் நடந்தான். கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் அவனை வீழ்த்தினார். விழுந்தவனின் ரைஃபிளைக் கையில் எடுத்தார். அங்கு வந்து சேர்ந்த இன்னொரு காவலர், ரைஃபிளோடு நிற்பவர்தான் கொலைகாரர் என்று நினைத்து, எச்சரிக்கை எதுவும் சொல்லாமல் சுட்டுவிட்டார். இறந்தவரின் செயலை வீரம் என்று பாராட்டிய அரசு வழக்கறிஞர், காவலர் மீது வழக்கில்லை என்றும் அறிவித்தார். 2023இல் நகராட்சி இறந்தவரின் தாய்க்குச் சுமார் 28 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

துப்பாக்கிப் பயிற்சி வகுப்புகளில் இதற்கென்றே பாடம் உண்டு. சுட்டு முடிந்ததும் உறையில் செருகு, கையைத் தூக்கு, 911க்குப் பேசும்போது நீ போட்டிருக்கும் சட்டையின் நிறத்தைச் சொல், போலீஸ் என்ன சொன்னாலும் அப்படியே செய். 29 மாநிலங்களில் துப்பாக்கியோடு தெருவில் இறங்க அந்த வகுப்புக்குப் போக வேண்டியதில்லை.