வீழும் மரமும் வாழும் நிலமும்

முன்னுரை

மரம் நடுவது அறம் என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். நட்ட மரம் முதிர்ந்து, வீட்டுக் கூரையின்மேல் சாயக்கூடிய நிலையில் நின்றால் என் செய்வது என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவில்லை. அம்மரம் சட்டத்தின் காவலில் உள்ள சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்குமாயின் சிக்கல் இருமடங்காகிறது. வெட்டினால் நிலம் கெடும். விட்டால் உயிர் போகக்கூடும்.

இந்த இக்கட்டை இடைவிடாது சந்தித்து வருவது, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பசிபிக் கடலையொட்டி அமைந்த வாஷிங்டன் மாநிலம். அங்குள்ள சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் ஆகிய நகரங்களில் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. 2024 நவம்பர் 19ஆம் நாள் இரவு அப்பகுதியில் வீசிய கடும்புயலில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. மரங்கள் விழுந்து லின்வுட்டில் ஒரு பெண்ணும், பெல்வியூவில் தம் வீட்டினுள் இருந்த மற்றொரு பெண்ணும் உயிரிழந்தனர். இதற்கு முன்னரும் 1962 அக்டோபர், 1993 ஜனவரி, 2006 டிசம்பர் மாதங்களில் வீசிய புயல்கள் அம்மக்களின் நினைவை விட்டு அகலாதவை. ஆகவே, மரத்தைக் கண்டு அஞ்சுவோரின் அச்சம் பொய்யானதன்று. அந்த அச்சத்தை அறிவோடு எவ்வாறு கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பசுமைப்பட்டை என்பது யாது?

வாஷிங்டன் மாநிலத்தில் 1990ஆம் ஆண்டு வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. சதுப்பு நிலம் உள்ளிட்ட நுட்பமான நிலப்பகுதிகளை இனங்கண்டு காக்கும் பொறுப்பை அது நகராட்சிகளிடமும் மாவட்ட நிருவாகங்களிடமும் ஒப்படைத்தது. இதன்படி, புதிய குடியிருப்பு எழும்போது சதுப்பு நிலத்தையும் அதனைச் சூழ்ந்த ஒரு பட்டை நிலத்தையும் கட்டடம் எழுப்பாது ஒதுக்கிவிட வேண்டும். சதுப்பு நிலத்தின் தரத்திற்கேற்ப அப்பட்டையின் அகலம் கூடும் அல்லது குறையும். அங்குள்ள இயற்கை மரஞ்செடிகளை அனுமதியின்றித் தொடலாகாது.

இக்கட்டுப்பாடு வீண் கெடுபிடியன்று. சதுப்பு நிலம் மழைவெள்ளத்தை உறிஞ்சி மெல்ல விடுவிக்கிறது; அழுக்கு நீரை வடிகட்டுகிறது. கரையில் நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. அவற்றின் நிழல் ஓடைநீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. குளிர்ந்த நீரின்றிச் சால்மன் மீன் வாழாது. கரைமரங்கள் அழிந்தால் முதலில் துன்புறுவது மீனும் பறவையும். அடுத்து, வெள்ளநீரை வாசலில் காணும் வீட்டுக்காரர்.

மரம் ஏன் சாய்கிறது?

மரம் சாய்வதற்குக் காற்று மட்டும் காரணமன்று. முதற்காரணம் மண். நீர் தேங்கிய மண்ணில் உயிர்வளி குறைவு. ஆதலால் வேர் ஆழம் செல்லாது பக்கவாட்டில் பரவுகிறது. இலையுதிர்காலத் தொடர்மழையில் மண் ஊறித் தளர்ந்திருக்கும் வேளையில் புயலும் வந்தால், ஹெம்லாக் போன்ற மேல்வேர் மரங்கள் வேர்த்தட்டோடு பெயர்ந்து விழுகின்றன.

இரண்டாவது காரணம் நோய். டக்ளஸ் பிர் என்னும் நெடிய ஊசியிலை மரத்தை ஒருவகை வேரழுகல் நோய் தாக்குகிறது. இதனை உண்டாக்கும் பூஞ்சை, மரம் இறந்த பின்னரும் மண்ணிலுள்ள அடிக்கட்டையில் பல்லாண்டுகள் உயிர்வாழும். வேரோடு வேர் உரசும் இடத்தில் அடுத்த மரத்திற்குத் தாவும். மேலே பச்சையாகத் தோன்றும் மரம் கீழே வேரற்று நிற்பதும் உண்டு.

மூன்றாவது காரணம் மனிதன். அடர்ந்த காட்டின் நடுவே வளரும் மரம், சுற்றியுள்ள மரங்களின் அரவணைப்பில் ஒல்லியாக ஓங்கி வளர்கிறது. காற்றை எதிர்த்து நிற்கும் பழக்கம் அதற்கில்லை. குடியிருப்பு கட்டுவோர் எல்லைவரை காட்டை அழித்ததும், உள்ளே இருந்த அம்மரம் திடீரென விளிம்பு மரமாகிறது, முதற்புயலிலேயே தடுமாறுகிறது. அஞ்சிய வீட்டுக்காரர் அதனையும் வெட்டினால், அதற்குப் பின்னால் நின்ற மரம் அடுத்த விளிம்பாகிறது. ஆபத்து நீங்குவதில்லை, ஒரு வரிசை உள்ளே தள்ளிப்போகிறது. ‘எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் தொல்லை தீரும்’ என்னும் எண்ணம் பிழையாவது இதனால்தான்.

ஆபத்தை அளத்தல்

‘உயர்ந்த மரம் எல்லாம் ஆபத்தான மரம்’ என்பது தவறு. பயிற்சி பெற்ற மரநல வல்லுநர் மூன்று வினாக்களை எழுப்புகிறார். மரமோ அதன் கிளையோ முறியும் வாய்ப்பு எவ்வளவு? முறிந்தால் அது மனிதரையோ வீட்டையோ தாக்கும் வாய்ப்பு எவ்வளவு? தாக்கினால் விளையும் சேதம் எத்தகையது? இம்மூன்றையும் சேர்த்தே ஆபத்தின் அளவு கணிக்கப்படும். உளுத்துப்போன மரமாயினும், அது விழும் தொலைவில் வீடோ பாதையோ இல்லையெனில் அதனால் கேடில்லை. அவ்வாறே, குழந்தைகள் உறங்கும் அறைக்கு நேரே நிற்கும் மரத்தில் சிறு வெடிப்பும் கவனத்திற்குரியது.

வல்லுநரை அழைக்குமுன் வீட்டார் தாமே காணத்தக்க அறிகுறிகளும் உண்டு. அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்தல், வேர்ப்பக்கத்து மண் மேலெழும்புதல் அல்லது வெடித்தல், உச்சி மெலிந்து இலை உதிர்தல், தண்டில் நீண்ட பிளவு, முன்பில்லாத புதிய சாய்வு ஆகியன அவை. இளமையிலேயே சாய்ந்து, பின்னர் நிமிர்ந்து வளைந்து வளர்ந்த மரம் பல்லாண்டு நிற்கும். நேற்றுவரை நேராக நின்று இன்று சாய்ந்த மரமே அஞ்சத்தக்கது. வல்லுநர் மரச்சுத்தியலால் தண்டைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உட்பொந்தை உணர்கிறார்; ஐயமிருப்பின் மெல்லிய துளையூசியைச் செலுத்தி மரத்தின் உள்வலிமையை அளக்கிறார்.

அகற்றுதலும் குறைத்தலும்

மரம் ஆபத்தானது என உறுதியானாலும் முழுமையாக அகற்றுவது இறுதி வழியே. காய்ந்த கிளைகளை நீக்குவதும், பாரத்தைக் குறைப்பதும், முடிந்தால் மரத்தடியிலுள்ள இருக்கையையோ கொட்டகையையோ இடம் மாற்றுவதும் முதலில் எண்ணத்தக்கவை. ஆனால், உயிருள்ள மரத்தின் உச்சியை மொட்டையாக வெட்டி விடுவது தீமை பயக்கும். வெட்டுவாயில் அழுகல் புகும். அங்கே தழைக்கும் புதுக்கிளைகள் வலுவின்றி முறிந்து விழும்.

அகற்றியே ஆகவேண்டிய மரத்திற்கு அம்மாநில நகரங்கள் பல பரிந்துரைக்கும் வழி, அதனைப் பட்டமரமாக நிறுத்துவது. முப்பது மீட்டர் உயர மரம் ஒன்று வீட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். அதனை எட்டு மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால், எஞ்சிய தண்டு எப்பக்கம் விழுந்தாலும் வீட்டைத் தொடாது. வேர் தொடர்ந்து மண்ணைப் பிடித்து நிற்கும். மரங்கொத்தி அத்தண்டில் பொந்து குடையும். அது கைவிட்ட பொந்தில் ஆந்தையும் மரவாத்தும் குடியேறும். வெட்டிய துண்டுகளையும் வெளியே கொண்டு செல்லாமல் அங்கேயே கிடத்துகின்றனர். அவை மெல்ல மக்கி உரமாகின்றன. தவளைக்கும் பூச்சிக்கும் புகலிடமாகின்றன.

வேலை செய்யும் முறையும் முதன்மையானது. கனத்த எந்திரங்கள் சதுப்பு மண்ணை நசுக்கிவிடும். எனவே கயிறு கட்டி ஏறியோ, பட்டைக்கு வெளியே பாரந்தூக்கியை நிறுத்தியோ வெட்டுகின்றனர். முட்டையும் குஞ்சும் உள்ள கூடுகளைக் காக்கும் நடுவண் சட்டம் 1918 முதல் நடைமுறையில் உள்ளதால், கூடுகட்டும் காலம் கழிந்த பின் பணியை வைத்துக்கொள்வது நன்று. இழந்த மரத்திற்கு ஈடாகப் புதியன நடுதலும் வேண்டும். வேரழுகல் கண்ட இடத்தில் மீண்டும் டக்ளஸ் பிர் நடுவது பயனற்றது. அந்நோயை எதிர்த்து நிற்கும் சிவப்புச் சீடரோ, அந்நோய் தீண்டாத அகன்ற இலை மரங்களோ பொருந்தும்.

யாருடைய மரம்?

பசுமைப்பட்டை பெரும்பாலும் குடியிருப்போர் சங்கத்திற்கோ நகராட்சிக்கோ உரியது. ‘என் வீட்டின்மேல்தானே விழும்’ என்று பிறர் நிலத்து மரத்தை வெட்டுவோர், மும்மடங்கு இழப்பீடு செலுத்த நேரும் என்கிறது அம்மாநிலச் சட்டம். செய்யத்தக்கது, நிழற்படத்துடன் எழுத்து வடிவில் உரியவருக்கு அறிவித்தலும், வல்லுநரின் அறிக்கை பெற்று நகராட்சியிடம் அனுமதி கோருதலும் ஆகும். எழுத்தில் அறிவித்தால் உரியவர் ‘அறியேன்’ என்று கூறித் தப்ப இயலாது. மரம் இன்றோ நாளையோ விழும் நிலையில் இருந்தால், உடனே செயற்பட்டுப் பின்னர் தெரிவிக்கவும் பல நகரங்கள் இடமளிக்கின்றன.

முடிவுரை

மனித உயிர் பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் உயிரைக் காக்கும் பெயரால் தேவைக்கு மேல் வெட்டப்படும் ஒவ்வொரு மரமும், அடுத்த மரத்தைப் புயலுக்கும் அடுத்த வீட்டை வெள்ளத்திற்கும் திறந்துவிடுகிறது. மரத்தை அளந்து பார்த்து, ஆபத்து உள்ள அளவிற்கு மட்டும் வெட்டி, எஞ்சியதை நிலத்திற்கே விட்டுவிடுவது வாஷிங்டன் மாநிலம் காட்டும் நெறி. வீட்டருகே மரமும் மரத்தருகே நீரும் உள்ள எவ்வூருக்கும் இது பொருந்தும். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, மரங்களை வேரிலிருந்து உச்சிவரை நோக்குவோம். புயலடிக்கும் இரவில் எழும் அச்சத்தைக் காட்டிலும், அமைதியான பகலில் செய்யும் அந்த ஆய்வே வீட்டையும் மரத்தையும் ஒருங்கே காக்கும்.