படகுப் பொறியும் மூன்று அளவைகளும்

படகின் பின்புறத்தே, அதன் உடலுக்கு வெளியே தொங்குமாறு பொருத்தப்பெறும் இயந்திரத்தை ‘அவுட்போர்டு’ என்று வழங்குவர். தமிழில் இதனைப் புறப்பொறி எனலாம். நார்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். துடுப்பும் பாயும் ஆண்டுவந்த சிறு படகுகள் அதன்பின் மெல்ல மெல்லப் பொறியின் ஆட்சிக்கு உட்பட்டன.

கிள்ளான் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி 1901இல் திறக்கப்பெற்ற துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. அதற்கு எதிரே அலையாத்திக் காடு சூழ்ந்த புலாவ் கெத்தாம் உள்ளது. மலாய் மொழியில் இப்பெயர் நண்டுத் தீவு எனப் பொருள்படும். இத்தகைய நீர்ப்பரப்பில் பொறி நின்றுபோனால் படகு நீரோட்டத்தின் வசப்படும். ஆதலின் பழுது பார்த்தல் பணத்தோடு நில்லாது, உயிரோடும் தொடர்புடையதாகிறது.

பழுது பார்க்கும் தொழிலாளரை மெக்கானிக் என்பது பேச்சு வழக்கு. பழந்தமிழ் நூல்களில் கைவினைஞரைக் குறிக்கும் ‘கம்மியர்’ என்னும் சொல், தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்று இவர்களைக் குறிக்க ஆளப்பெறுகிறது. படகு உடையவர்க்கும் கம்மியர்க்கும் எழும் பிணக்குகள் பெரும்பாலும் சொற்குறையால் நேர்வன. சிவஞான சித்தியார் முதற்கண் வைத்து எண்ணும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் இங்குப் பொருத்திக் காணலாம்.

காண்டல் என்பது கண்ணும் செவியும் அறிந்தது. “பொறி கெட்டுவிட்டது” என்பதனால் கம்மியர் ஒன்றும் அறியார். “சில நிமிடம் ஓடி நின்றது, எண்ணெய்க் குழாயிலுள்ள ரப்பர்க் குமிழ் சுருங்கியிருந்தது” என்றால், கலத்தின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம் என்பதை அவர் உடனே உய்த்துணர்வார். பொறி உரக்க இரைந்தும் படகு நகரவில்லையெனில், சுழலியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருக்கலாம். சிறு பொறிகளில் முறிமுளை ஒடிந்திருக்கலாம். குளிர்விக்கும் நீர் பொறியின் புறத்தே மெல்லிய தாரையாக வெளிவருதல் வேண்டும். அது தளர்ந்தால், நீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்ததோ, நெகிழிப் பை வாயிலை அடைத்ததோ என ஆராய்தல் வேண்டும். சேறு கலந்த நீரில் அச்சக்கரம் விரைந்து தேயும். பற்சக்கர எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், அதனுள் நீர் புகுந்துள்ளது என்க.

கருதல் என்பது காரணத்தை ஊகித்தல். இது கம்மியரின் பணி. “கார்ப்பரேட்டரை மாற்றுங்கள்” என்று உடையவரே முடிவு கூறின், கம்மியர் அதனை மாற்றிக் கூலியும் பெறுவார். உண்மைப் பழுது நீங்காதிருக்கும். சொன்னதைச் செய்தவரைக் குறை கூறவும் இயலாது. கம்மியரின் ஊகமும் சோதனைக்கு உரியதே. பீப்பாய் நீரில் இனிது ஓடும் பொறி, ஆள் ஏறிய படகில் திணறுதல் உண்டு. ஆதலின் சுமையோடு நீரில் ஓட்டிப் பார்த்தபின்னரே பொறியைப் பெற்றுக்கொள்ளுதல் தக்கது.

உரை என்பது நம்பத்தக்கார் கூற்று. கடையில் அது எழுத்தாக இருத்தல் நன்று. கூறிய குறை, செய்யவேண்டிய வேலை, மதிப்பிட்ட தொகை, முடிக்கும் நாள் ஆகிய நான்கும் சீட்டில் இடம்பெறல் வேண்டும். மதிப்பீட்டை மிஞ்சும் வேலைக்கு முன்னரே இசைவு கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டுப் பெறுதல் ஐயத்தைக் களையும்.

இவ்வெழுத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. தக்க கவனத்தோடும் திறனோடும் பணி செய்தல், விலை முன்னரே பேசப்படாதபோது நியாயமான விலையே பெறுதல் முதலிய கடப்பாடுகளை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. சொந்தப் பயன்பாட்டிற்குப் பணி பெற்றவர், ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐம்பதாயிரம் ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அங்குப் பொதுவாக வழக்கறிஞர் தோன்றுவதில்லை. உடையவரே தம் வழக்கை எடுத்துரைத்தல் வேண்டும். கையிற் சீட்டு இல்லாதவர்க்கு அங்கே வாய்ச்சொல் ஒன்றே எஞ்சும்.

கண்டதையும் கருதியதையும் பிரித்துரைத்தல் தருக்க நூலார்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் வகுப்பில் ஒரு மிதிவண்டியின் பழுதை மாணவர் கண்டவாறே எழுதப் பழகின், பின்னாளில் கடலிற் செல்லும் படகிற்கும் அப்பயிற்சி உதவும்.