ரசீதின் முதுகில் எழுதிய சட்டம்

பண்ருட்டிக்குப் போனவர்கள் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. பலாப் பருவத்தில் கடைத்தெருவின் வாசனையே ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். மற்றக் காலங்களில் முந்திரிப் பருப்பு அந்த வேலையைச் செய்யும். நவராத்திரிக்கு முந்திய மாதங்களிலோ, இவ்விரண்டையும் மறந்து கொலுப் பொம்மைகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நாமும் அப்படித்தான் போனோம். நாகபுரியில் குடித்தனம் செய்யும் நம் புதல்விக்காகக் கல்யாண ஸெட்டு ஒன்று, மொத்தம் பதினொரு பொம்மைகள், 4,200 ரூபாய்க்கு வாங்கினோம். பொம்மை செய்தவர் வைக்கோலும் பழங்காகிதமும் திணித்து, "மாப்பிள்ளைக்கு மட்டும் இரட்டைச் சுற்றுச் சுற்றியிருக்கிறேன், ஐயா!" என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தார்.

அதைக் கூரியர் கம்பெனி ஒன்றில் ஒப்படைத்தோம். தரை மார்க்கமாக நாகபுரிக்குக் கட்டணம் 380 ரூபாய். எடை பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டார்கள். அதன் மதிப்பு என்னவென்று கேட்கவில்லை. கையெழுத்தும் வாங்கவில்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்கள்; நாமும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

பெட்டி போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளை உள்பட ஏழு பேருக்குத் தலை இல்லை. புரோகிதர் மாத்திரம் எப்படியோ தப்பியிருந்தார். புகார் எழுதினோம். "ரசீதின் பின்புறம் காண்க. கம்பெனியின் பொறுப்பு எந்த நிலையிலும் 100 ரூபாய்க்கு மேற்படாது" என்று பதில் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தோம். வாஸ்தவந்தான்; எறும்பு ஊர்ந்ததுபோல் அங்கே அச்சிட்டிருந்தது.

இப்படி அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடுமா? இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தில் கோச்சு வண்டிக்காரர்கள் தங்கள் ஆபீஸ் சுவரில் ஓர் அறிக்கையை ஒட்டிவிட்டு, "எமக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவந்தார்கள். வெறும் பொது அறிவிப்பால் அவ்விதம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று 1830-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதைப் பின்பற்றி 1865-இல் நம் நாட்டுக்கும் ஒரு சட்டம் வந்தது. பொறுப்பைக் குறைக்க வேண்டுமானால் சரக்கின் சொந்தக்காரர் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. சுவரிலிருந்த அறிக்கை இன்று ரசீதின் முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னை ஹைக்கோர்ட்டு 1960-களில் ஒரு சலவைக் கம்பெனியின் வழக்கை விசாரித்தது. வெளுக்கப் போட்ட புதுச் சேலை தொலைந்துபோயிற்று. துணி தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதந்தான் தருவோம் என்று ரசீதில் கண்டிருந்தது. அந்த நிபந்தனை பொது நன்மைக்கு விரோதமானது, செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சற்று யோசித்தால் இதன் நியாயம் விளங்கும். நூறு ரூபாய்ச் சேலையைப் பதினைந்து ரூபாய்க்கு அடைந்துவிடலாமென்றால், அஜாக்கிரதையே ஒரு லாபகரமான வியாபாரமாகிவிடுமல்லவா?

ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதையே வேறு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற ஸ்தாபனம் 1990-இல் ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, அதற்குரிய தஸ்தாவேஜுகளை டி.எச்.எல். கூரியர் மூலம் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. வாங்குபவர், பருவம் தாண்டிவிட்டதென்று விலையைக் குறைத்துவிட்டார். மாநில ஆணையம் நாலு லட்ச ரூபாய்க்குமேல் நஷ்டஈடு விதித்தது. தேசிய ஆணையமோ அதை 100 டாலராகக் குறைத்தது. கையெழுத்திட்ட நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அவசரத்தில் பேனாவை நீட்டுகிறவர்கள் இந்த வழக்கை நினைவில் வைப்பது நலம்.

1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டம் 2011-இல் அமலுக்கு வந்தது. கூரியர் கம்பெனிகளும் இதில் அடங்கும். சரக்குக்குச் சேதம் நேர்ந்தால், கம்பெனியின் அஜாக்கிரதையை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி இதே கடலூர் ஜில்லாவின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த 'தானே' புயலைப்போல் தெய்வச் செயல் ஏதேனும் நடந்திருந்தால் கம்பெனி தப்பலாம். சாதாரண நாளில் பெட்டியைத் தூக்கிப் போட்டது தெய்வத்தின் கணக்கில் சேராது. இந்தச் சட்டப்படி பொறுப்பின் எல்லை, கட்டணத்தைப்போல் பத்து மடங்கு. சொல்லிய மதிப்பைத் தாண்டாது. அதற்குமேல் வேண்டுமானால் முன்கூட்டியே கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். நம்முடைய 380 ரூபாயைப் பத்தால் பெருக்கினால் 3,800. ரசீது சொன்னதோ 100!

வழக்குத் தொடருமுன், சரக்கை ஒப்படைத்த 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். இதில்தான் அநேகர் ஏமாந்துபோகிறார்கள். "பார்க்கிறோம், விசாரிக்கிறோம்" என்ற பதில்களிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்தப் பட்டணத்தில் இருந்தாலும், பண்ருட்டிக்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். ஒப்பந்தமே அநியாயமானது என்று தீர்ப்புப் பெற வேண்டுமானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நூறு ரூபாய்ப் பதிலுக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் சிறியவர்கள். அவர்களைச் சென்னைக்கு அனுப்புவது நமக்கு உசிதமாகப் படவில்லை.

சர்க்கார் தன் வீட்டை எப்படி வைத்திருக்கிறது என்றும் கேட்கலாம். தொலைந்த தபாலுக்குத் தபால் இலாகா பொறுப்பல்ல என்று வெள்ளைக்காரர்கள் 1898-இல் எழுதி வைத்தார்கள். நம்முடைய பார்லிமெண்டு 2023-இல் புதுத் தபால் சட்டம் இயற்றியபோதும், விதிகளில் குறிப்பிட்டால் ஒழியப் பொறுப்பில்லை என்றே எழுதியிருக்கிறது. ஆள் மாறினாலும் எழுத்து மாறவில்லை.

நாம் நோட்டீஸ் அனுப்பிய மூன்றாவது வாரத்தில் 2,700 ரூபாய் வந்தது. மன்னிப்போ விளக்கமோ உடன் வரவில்லை. மறுபடியும் பண்ருட்டிக்குப் போய் ஏழு பொம்மைகள் வாங்கினோம். இம்முறை ரசீதின் முகப்பில் மதிப்பை எழுதச் சொன்னோம். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் அறுபது ரூபாய் அதிகம் ஆகும், ஸார். யாரும் கேட்கிறதில்லை" என்றார். கொடுத்தோம். மேஜையின் அடியிலிருந்து 'உடையும் பொருள்' என்ற சிவப்புச் சீட்டு ஒன்றைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, பெட்டியின்மேல் ஒட்டினார்.