வைத்தியக் கல்லூரிக்கு மனு

திண்டிவனத்திலிருந்து தெற்கே விழுப்புரம் நோக்கிச் செல்லும் பெருவழியில், விக்கிரவாண்டியைத் தாண்டியதும் முண்டியம்பாக்கம் என்னும் ஊர் வருகிறது. கரும்பு வண்டிகளும் சர்க்கரை ஆலையுமே நெடுங்காலம் அவ்வூரின் அடையாளமாயிருந்தன. 2010-ம் வருஷத்தில் 100 மாணவர்களுக்கு இடமளித்து அங்கே அரசினர் வைத்தியக் கல்லூரி ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பாம்புக் கடிக்கும் பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் ஜில்லாவின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் அதன் ஆஸ்பத்திரியைத் தேடி வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்த இந்த ஜனங்களில் எத்தனை பேருக்கு அதை ஒட்டிய கல்லூரிக்கு வழி தெரியும்?

மார்க்குப் போதாமல் இடம் கிடைக்காதவர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுவோம். மார்க்கும் இருந்து, சட்டம் அளித்த உரிமையும் இருந்து, மனுச் செய்யும் முறை அறியாமல் இடத்தை இழப்பவர்களைப் பற்றியே இன்று பிரஸ்தாபிக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில் ஒருவர் டாக்டராக வேண்டுமானால், பள்ளிப் படிப்புக்குப் பின் நான்கு வருஷம் ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் படிக்க வேண்டும். பிறகு ஒரு பரீட்சை. அதில் தேறியபின் மேலும் நான்கு வருஷம் வைத்தியப் படிப்பு. இரண்டு படிப்புகளையும் ஒன்றாய் இணைத்து, பள்ளியை விட்டு வரும் பிள்ளையை நேரே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே சில சர்வகலாசாலைகளில் மட்டுமே உண்டு. பிரௌன் சர்வகலாசாலையில் அதற்கு எட்டு வருஷம். மிஸ்ஸூரி-கான்ஸாஸ் நகரச் சர்வகலாசாலையில் ஆறு வருஷம். அவ்வித இடத்துக்கு மனு எழுத யோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டு பணம் பண்ணுவோரும் அந்நாட்டில் இருக்கிறார்கள். அங்கே அபூர்வமாயிருப்பது இங்கே பொது விதி. நமது எம்.பி.பி.எஸ். படிப்பு, பயிற்சி வருஷத்தையும் சேர்த்து, ஐந்தரை வருஷம். பதினேழு வயது நிரம்பும் பிள்ளை பள்ளிக்கூடப் பெஞ்சியிலிருந்து எழுந்து நேரே அதில் உட்காருகிறது. யோசனை சொல்ல மட்டும் ஆளில்லை.

முன்பு இப்படியில்லை. பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் பின் இரண்டு வருஷம் இண்டர்மீடியட் படித்தே வைத்தியக் கல்லூரிக்குப் போக முடியும். அதற்கு வசதியற்றவர்களுக்கு எல்.எம்.பி. என்ற கீழ்ப்படி இருந்தது. நாட்டுக்கு ஒரே தரத்து டாக்டர் போதுமென்று 1946-ல் போர் கமிட்டி சிபார்சு செய்த பிறகு அந்தப் படி எடுக்கப்பட்டது. கமிட்டியிலேயே சிலர் அதை ஆட்சேபித்தார்கள், ஆட்சேபம் செல்லவில்லை. இண்டர்மீடியட்டும் போய்ப் பி.யூ.ஸி. வந்தது, 1978-ல் அதுவும் போய்ப் பிளஸ் டூ வந்தது. இம்மாறுதல்களில் நஷ்டமான ஒரு விஷயத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை. அந்த இரண்டு வருஷ காலத்தில் கிராமத்துப் பிள்ளை பட்டணத்து ஹாஸ்டலில் தங்கி, மூத்த மாணவர்களுடன் பழகி, எந்தக் காரியாலயத்தில் எந்தக் காகிதம் கிடைக்கும், எந்தத் தேதி எப்போது கடக்கும் என்பதையெல்லாம் காதால் கேட்டே கற்றுக்கொண்டது. இன்று மயிலத்திலோ மரக்காணத்திலோ பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடைக்கும் இடம் எது?

வைத்தியக் கல்லூரி இடத்துக்கும் திண்டிவனத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயியான ஸ்ரீ ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்தார். அவர் மந்திரி சபையே 1947 நவம்பரில் வகுப்புவாரி உத்தரவைத் திருத்தி, பின்தங்கிய ஹிந்துக்களுக்கெனத் தனியே பங்கு வைத்தது. 14 இடங்களில் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பின்தங்கிய ஹிந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அதன் கணக்கு.

இந்த உத்தரவை எதிர்த்து 1950-ல் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தவர் ஸ்ரீமதி செண்பகம் துரைராஜன். ஹைக்கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1951 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தமிழ்நாடு கொதித்தெழுந்ததும், அவ்வருஷம் ஜூன் மாதத்திலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15-வது ஷரத்தில் நான்காவது உட்பிரிவு சேர்ந்ததும் நமது வாசகர்கள் அறிந்ததே. அறியாதிருக்கக்கூடியது வேறொன்று. அந்த அம்மையார் வைத்தியக் கல்லூரிக்கு மனுவே போட்டதாக அவருடைய பிரமாண வாக்குமூலத்தில் காணவில்லை! விசாரித்ததில் தமக்கு இடம் கிடையாதென்று தெரிந்தது என்பதே அவர் சொன்னது. சர்க்கார் தரப்பில் ஹைக்கோர்ட்டில் இதை ஆட்சேபிக்கவில்லை. வழக்கில் ஜயித்தால் ஓர் இடம் ஒதுக்கி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் அவ்விஷயத்தை அத்துடன் விட்டார்கள். ஆனால், மனுவே செய்யாத ஒருவர் உரிமை பறிபோனதென்று கோர்ட்டுக்கு வருவதைத் தாங்கள் ஆமோதிப்பதாக எவரும் அர்த்தம் செய்யலாகாதென்று எச்சரித்தும் வைத்தார்கள். வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் கனம் தெரியும். மனுச் செய்யாமலே இடம் ஒதுக்கப்பெறும் பாக்கியம் ஒருவருக்கு ஒரு முறை கிடைத்தது. செஞ்சித் தாலுகாக் கூலிக்காரர் மகளுக்கு அது கிடைக்கப் போவதில்லை.

அவளுக்குச் சட்டம் இன்று கொடுத்திருப்பது அற்பமல்ல. 69 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் மேலாக, அரசினர் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இடங்களை முன்னுரிமையாக அளிக்கும் சட்டம் 2020 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நீதிபதி கலையரசன் கமிஷன் சிபார்சு செய்தது 10. சர்க்கார் கொடுத்தது ஏழரை. 2022 ஏப்ரலில் ஹைக்கோர்ட்டு இச்சட்டத்தை ஏற்று, ஐந்து வருஷத்துக்குப் பின் மறுபரிசீலனை செய்யுமாறு கூறியது. இவ்வழியில் இடம் பெறுவோரின் கல்விச் செலவைத் தனியார் கல்லூரியிலும் சர்க்காரே ஏற்கிறது.

ஆனால் வாசற்படிகளைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசினர் பள்ளியில் படித்திருந்தாலே ஏழரை சதவிகிதத்தில் உரிமை உண்டு. மிஷன்களும் தரும ஸ்தாபனங்களும் சர்க்கார் உதவி பெற்று நடத்தும் பள்ளிகள் இந்தக் கணக்கில் சேரா. வீட்டுக்குப் பக்கமென்று ஆறாம் வகுப்புக்கு அத்தகைய பள்ளியில் சேர்த்து, ஒன்பதாம் வகுப்பில் அரசினர் பள்ளிக்கு மாற்றிய தகப்பனார், ஏழு வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் வைத்தியக் கல்லூரி மனுவை அன்றே தம்மை அறியாமல் கெடுத்துவிடுகிறார். பதினோரு வயதுக் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே இந்த மனுவின் முதல் வரி. பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியல் பாடம் உள்ள பிரிவை எடுப்பது இரண்டாவது வரி. இவ்விரண்டையும் யாரும் அந்தத் தகப்பனாருக்குச் சொல்வதில்லை.

அப்புறம் நீட் பரீட்சைக்குத் தேசியத் தேர்வு முகமையிடம் ஒரு மனு. அதோடு தீர்ந்ததென்று நினைப்பவர் அநேகர். தீரவில்லை. தமிழ்நாட்டு அரசினர் கல்லூரிகளில் 85 சதவிகித இடங்களுக்குச் சென்னையிலுள்ள வைத்தியக் கல்வித் தேர்வுக் குழுவுக்குத் தனியே மனுச் செய்ய வேண்டும். அகில இந்தியாவுக்கென எடுத்துக்கொள்ளப்படும் 15 சதவிகிதத்துக்கு டெல்லிக் கமிட்டியில் தனியே பதிந்துகொள்ள வேண்டும். நீட்டில் நல்ல மார்க்கு வாங்கிவிட்டு, கல்லூரியிலிருந்து கடிதம் வருமென்று வீட்டிலேயே காத்திருந்தால் கடிதம் வராது.

சாதிச் சான்றிதழிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தாசில்தார் கொடுத்த பிற்பட்டோர் சான்றிதழ் மாநில இடங்களுக்குச் செல்லும். அகில இந்திய இடங்களில் பிற்பட்டோருக்கு 27 சதவிகிதம் 2021-ல் கிடைத்ததல்லவா? அதற்கு இந்தச் சான்றிதழ் செல்லாது. மத்திய சர்க்கார் வகுத்த நமூனாவில், வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவரல்ல என்று, புதிதாய் வாங்கிய வேறொரு சான்றிதழ் வேண்டும். அண்மையில் திண்டிவனத்தில் ஓர் இ-சேவை மையத்தில் நாம் காத்திருந்தபோது, ஒரு விவசாயி தம் மகளின் பழைய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாய் வைத்திருந்தார். “இதுவும் தாசில்தார் முத்திரைதானே ஐயா, அதுவும் அவர் முத்திரைதானே?” என்று அவர் கேட்டார். ஒரே காரியாலயம் ஒரே பெண்ணுக்கு ஒரே சாதியை இரண்டு காகிதங்களில் ஏன் தனித்தனியே எழுதித் தர வேண்டுமென்பதற்கு நம்மிடமும் விடை இருக்கவில்லை.

பாஷை விஷயம் மற்றொன்று. வினாத்தாள் தமிழில் வேண்டுமா, இங்கிலீஷில் வேண்டுமா என்பதையும் மனுவிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழைக் கேட்டுப் பெற்றவர்களுக்கு 2018-ல் நேர்ந்தது என்ன? 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. மதுரைக் கிளை 196 மார்க்கு கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் முரண்பாடு வந்தால் இங்கிலீஷே முடிவு என்பது விதி. தாய்மொழியில் எழுத அனுமதித்துவிட்டு, சந்தேகம் வரும்போது தாய்மொழியை நம்பாதே என்பது எந்த வகை நியாயமோ நாம் அறியோம். தமிழ்த் தாளிலும் இங்கிலீஷ் வாசகம் உடன் அச்சாகிறதாகையால், பிள்ளைகள் இரண்டையும் ஒத்துப் பார்க்கப் பழக வேண்டும். அதைப் பள்ளியிலேயே பழக்க வேண்டும்.

இந்தப் பரீட்சையே கூடாதென்பது நமது அபிப்பிராயம். நுழைவுத் தேர்வை ஒழித்துத் தமிழ்நாடு இயற்றிய 2006-ம் வருஷச் சட்டத்தின்படி பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே இடங்கள் நிரம்பிவந்த காலத்தில் வைத்தியத்தின் தரம் குன்றவில்லை. 2017 முதல் நீட் நம்மீது சுமத்தப்பட்டது. விலக்குக் கோரிச் சட்டசபை இரு முறை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி சம்மதம் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் தெரிவிக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்த வீடுகள் இந்த ஜில்லாவிலும் உண்டு. அதை விரித்தெழுத மனம் இடங்கொடுக்கவில்லை. அந்தப் போராட்டம் நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். அது முடியும் வரையில் ஒவ்வொரு வருஷமும் மனுத் தேதி வந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

நமது ஊழியர்கள் வாக்காளர் ஜாபிதாவில் ஒரு பெயரைச் சேர்க்க வெயிலில் வீடு வீடாய் நடக்கிறார்கள். அதே கால்கள் அதே தெருவில், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஆறாம் வகுப்பு எங்கே படித்தார்கள் என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வர முடியாதா? கிராமத்து வாசகசாலை ஒவ்வொன்றிலும் விவரம் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்தால், சான்றிதழ்களை முன்கூட்டியே சேகரித்துவிடலாம். ஓய்வு பெற்ற உபாத்தியாயர்கள் இதற்கு மிகவும் தகுந்தவர்கள்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. சாதிச் சான்றிதழுக்குக் கொடுக்கும் ஒரே மனுவைக் கொண்டு, தகுதியுள்ளோருக்கு மாநில நமூனாவிலும் மத்திய நமூனாவிலும் சேர்த்தே வழங்கலாம். அதுவரை, ஏப்ரல் முதல் ஜூலை வரை விழுப்புரம், திண்டிவனம் தாசில்தார் காரியாலயங்களில் இதற்கென்றே ஒரு மேஜையும் ஒரு குமாஸ்தாவும் இருக்கட்டும். அதற்குச் சட்டசபையும் வேண்டாம், டெல்லியும் வேண்டாம். கலெக்டரின் ஒரு வரி உத்தரவு போதும்.