ஒரு பக்கம் பின்னால் திருப்புங்கள்

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம், அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார் (மாற்கு 10:51). பலமுறை இப்பகுதிக்கு மறையுரை ஆற்றிய நானும் நெடுநாள் ஒரு பக்கம் பின்னால் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு கேட்டது இதே கேள்விதான் (10:36). கூடவே நடந்த சீடர்கள் மாட்சியில் வலமும் இடமும் அமர இடம் கேட்டார்கள். வழியோரம் அமர்ந்திருந்தவரோ பார்வை கேட்டார். பெற்றதும், சிலுவையை நோக்கிச் சென்ற ஆண்டவரைப் பின்தொடர்ந்தார்.

இரண்டாம் ஆண்டுத் திருப்பலியில் இப்பகுதிகளை அடுத்தடுத்த ஞாயிறுகளில் கேட்கிறோம். இடைப்பட்ட வாரத்தில் முதல் கேள்வியை மறந்துவிடுகிறோம். ஆகவே, வீட்டில் விவிலியம் வாசிக்கும்போது முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்து வாசியுங்கள். பிறகு சற்று மௌனமாக இருங்கள். இயேசு இன்று உங்களிடம் அதே கேள்வியைக் கேட்டால், எதைக் கேட்பீர்கள்: இருக்கையையா, பார்வையையா?