பெரம்பூரில் மீண்டும் மூச்சுவிட்ட ஃபேரி குயின்

பழைய எஞ்சினின் பாகத்தைக் கழற்றிச் செல்லும் திருடனுக்கு அது எடைக்குப் போடும் உலோகம். அதைச் சீரமைக்க வேண்டியவருக்கோ, உலகின் எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள். 2011-இல் ஃபேரி குயின் என்னும் நீராவி ரயில் எஞ்சினின் பாகங்கள் பல திருடுபோனபோது இந்த வேறுபாடு நமக்கு உறைத்தது.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவான இந்த எஞ்சின், ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் ரயில்களை இழுத்தது. 1909-இல் ஓய்வுபெற்று, நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்றது. 1997-இல் பெரம்பூர் லோகோ பணிமனையினர் அதை ஓடவைத்தனர். டெல்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுத்துச் சென்று, 1998-இல் கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது.

திருட்டுக்குப் பிறகும் அதே பெரம்பூருக்குத்தான் அனுப்பினார்கள். 1856-இல் தொடங்கிய அந்தப் பணிமனை, எஞ்சினைவிட ஒரு வயதே இளையது!

இத்தகைய பணியில் பெருஞ்சுமை அளவெடுப்பதே. எஞ்சியிருக்கும் பாகத்தின் தேய்மானத்தைக் கணக்கிட்டு, தேயாத காலத்து அளவை ஊகிக்க வேண்டும். மர அச்சு செய்து வார்க்க வேண்டும். பின்னர் கடைந்து பொருத்த வேண்டும். அகலப்பாதையில் நீராவி எஞ்சின்கள் 1995-இலேயே விடைபெற்றுவிட்டன. ஆகவே ஓர் உதிரிபாகத்தைவிட, அதைச் செய்யத் தெரிந்த கை அரிது என்றே நாம் கருதுகிறோம்.

மிகுந்த கவனம் வேண்டுவது கொதிகலன். பழுதுபார்த்த கொதிகலனில் உடனே தீ மூட்டுவதில்லை. முதலில் அதில் நீரை முழுவதும் நிரப்பி, வழக்கமாக இயங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிக் கசிவு பார்ப்பார்கள். நீர் அழுத்தத்தில் பெரிதும் சுருங்குவதில்லை. எனவே தகடு விட்டுக்கொடுத்தாலும் நீர் பீறிடும், அவ்வளவே. அதே விரிசல் நீராவி நிறைந்திருக்கும்போது ஏற்பட்டால் கொதிகலன் வெடித்து, அருகில் நிற்பவர்களின் உயிருக்கே ஆபத்தாகும். இச்சோதனையில் தேறிய பின்னரே நெருப்பு. அதுவும் மெல்ல மெல்ல. விரைந்து சூடேற்றினால் தகடுகளும் குழாய்களும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து, இணைப்புகள் நெகிழும்.

2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபேரி குயின் சோதனை ஓட்டத்துக்குத் தயாரானது. பயணிகளுக்காக அது மறுபடியும் ஓட மேலும் சில ஆண்டுகள் ஆயின. 2017 பிப்ரவரியில், டெல்லியிலிருந்து ரேவாரி நோக்கிப் பயணிகளுடன் புறப்பட்டது.