கொதிக்க வைத்தாலும் போகாத பாசி நஞ்சு

சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது உறுவையாறு கிராமம். வடக்கே போனால் ஊசுடேரி, தெற்கே போனால் பங்காரு வாய்க்கால் நிரப்பும் பாகூர் ஏரி. குடிக்க நிலத்தடி நீர் கிடைத்தாலும், மாடு இறங்குவதும் வலை வீசுவதும் வயலுக்கு மடை திறப்பதும் இந்த ஏரி, குளங்களை நம்பித்தான். அதனால் கோடையில் நீர் வற்றிச் சூடேறும்போது, பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோலக் கரையோரம் படலம் ஒதுங்கினால் அதைச் சாதாரணப் பாசி என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் தீங்கில்லாத இழைப்பாசி. குச்சியில் பச்சையாகப் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். பெயர்தான் பாசி, உண்மையில் இவை ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள். எல்லாமே கெட்டவை அல்ல. நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது இவற்றில் சில வகைகளே என்று 1939-லேயே ஆய்வாளர் பி.கே.டே எடுத்துக்காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி.தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய 'சயனோஃபைட்டா' இவற்றை இனங்காண நெடுங்காலம் கைநூலாக இருந்தது.

தொல்லை தருவது முக்கியமாக மைக்ரோசிஸ்டிஸ். செல்லுக்குள் இருக்கும் காற்றுப் பைகளால் மிதந்து மேலே வரும் இது, மைக்ரோசிஸ்டின் என்ற பெப்டைடைச் செய்கிறது. 7 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு அது. நம் உடலில் புரதம் உருவாகும் ரைபோசோமில் இது உருவாவதில்லை; இதற்கென்றே பெரிய நொதிகள் வரிசையாக நின்று ஒவ்வொரு அமிலமாகச் சேர்க்கின்றன. அதனால்தான் சற்றே மாறுபட்ட 250-க்கும் மேற்பட்ட வடிவங்கள் இதில் உண்டு.

உடலுக்குள் போனால் இது தேடிச் சேரும் இடம் கல்லீரல். அங்கே பாஸ்ஃபடேஸ் நொதிகளை முடக்க, செல்களின் கட்டமைப்பு குலைந்து உள்ளேயே ரத்தம் கசிகிறது. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் தண்ணீர் குடித்த ஆடு மாடுகள் செத்ததை 1878-ல் ஜார்ஜ் ஃபிரான்சிஸ் பதிவு செய்தார். அங்கே இருந்தது இதன் உறவான 5 அமில நஞ்சைச் செய்யும் நோடுலேரியா. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் நீரில் மைக்ரோசிஸ்டின் கலந்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். நமக்கு அருகே, கண்டி ஏரியை 1999-ல் மைக்ரோசிஸ்டிஸ் மூடியது.

மைக்ரோசிஸ்டினின் வளைய அமைப்பு உறுதியானது. கொதித்தால் சிதையாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடுவது அதைவிட ஆபத்து: செல்கள் வெடித்து, அதுவரை உள்ளே அடைபட்டிருந்த நஞ்சு ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிடும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற வடிவம் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நீண்டகாலப் பயன்பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. கண்ணால் பார்த்து இதை அறிய வழியில்லை. ஆய்வகச் சோதனை வேண்டும்.

இதே நீலப்பச்சைப் பாசி இனம் மருந்தும் தந்திருக்கிறது. கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசி செய்யும் டோலாஸ்டாட்டின் என்ற பெப்டைடை ஒட்டி வடிவமைத்த வேதிப்பொருள்தான், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரென்டக்சிமாப் வெடோட்டின் மருந்தின் வீரியப் பகுதி.

ஏரியில் பாசியைப் பெருக்குவது மணிச்சத்தும் தழைச்சத்தும். வயலிலிருந்து வழியும் டி.ஏ.பி., யூரியா, வாய்க்காலில் விடும் வீட்டுக் கழிவுநீர் இரண்டுமே அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மண் பரிசோதனை செய்து உரமிடுவதும், கழிவுநீரை ஏரிக்கு வரும் முன் மறிப்பதும்தான் நிலைத்த வழி. பாசிப் படலம் கண்டால் மாடுகளை வேறு பக்கம் ஓட்டுங்கள், பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். அங்கே பிடித்த மீனைச் சமைக்காமல் இருப்பதே நல்லது. நஞ்சு அதிகம் சேர்வது மீனின் குடலிலும் ஈரலிலும் என்பதால், மற்ற நாட்களிலும் அவற்றை எடுத்துவிட்டுச் சமையுங்கள்.